ஒற்றை முகவரியில் முழுத் தொழிலையும் வைத்திருக்கும் சாத்தூர் வட்டார வணிகர்களுக்கு



சாத்தூரிலும் சிவகாசியிலும் விருதுநகரிலும், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை போன்ற சுற்றூர்களிலும் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு, காலண்டர், சேவு, பருப்பு, எண்ணெய் என்று ஏதோ ஒரு தொழிலைத் தலைமுறையாகவோ புதிதாகவோ நடத்திவரும் உங்களுக்கு இம்மடல் எழுதப்படுகிறது. உங்கள் விசிட்டிங் கார்டில் அச்சாகியிருக்கும் மின்னஞ்சல் முகவரியும், பில் புத்தகத்தின் தலைப்பில் இருப்பதும், தீபாவளி விலைப்பட்டியலின் அடியில் இருப்பதும், வங்கிக் கணக்கிலும் ஜிஎஸ்டி தளத்திலும் வெடிபொருள் உரிமப் பதிவிலும் இருப்பதும் ஒன்றே என்றால், அது மாற்றப்பட வேண்டிய நிலை என்பதையும், மாற்றுவதற்குப் பெருஞ்செலவோ கணினிப் படிப்போ தேவையில்லை என்பதையும் உங்களிடம் நேராகச் சொல்வதே இதன் நோக்கம்.

இந்த நிலைக்கு உங்களை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமாகாது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது ஒவ்வொரு வணிகரிடமும் ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்கப்பட்டது. 2020 ஜூலை 1 அன்று சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு தொடங்கியபோதும் அதே கேள்வி வந்தது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்டதும் பெசோ என்று உங்களால் அழைக்கப்படுவதுமான பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு தன் உரிம விண்ணப்பங்களை இணையவழிக்கு மாற்றியபோதும் அதுவே கேட்கப்பட்டது. அந்த முகவரி பின்னாளில் என்னென்ன வேலை செய்யப்போகிறது என்ற விளக்கம் மட்டும் எந்தப் படிவத்தோடும் கூடவே வரவில்லை. ஆகவே பிரவுசிங் சென்டரில் படிவம் நிரப்பிக் கொடுத்தவர் அவசரத்தில் திறந்து தந்த முகவரியோ, ஆடிட்டர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் தம் பெயரில் வைத்திருந்த முகவரியோ, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகனின் முகவரியோ உங்கள் நிறுவனத்தின் நிரந்தர அடையாளமாகிவிட்டது.

மின்னஞ்சல் முகவரி என்பது கடிதம் வந்து சேரும் இடம் மட்டுமன்று. இன்றைய இணைய ஏற்பாட்டில் அது ஆளை அறியும் சான்றாகவும் இயங்குகிறது. ஒரு தளத்தில் கடவுச்சொல் மறந்துவிட்டதாகத் தெரிவித்தால், புதிய கடவுச்சொல்லை அமைப்பதற்கான இணைப்பு அங்கே பதிவாகியுள்ள மின்னஞ்சலுக்கே செல்கிறது. ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவு எண்ணும் பல இடங்களில் அங்கேயே வருகிறது. பல தளங்களில் பயனர் பெயராக இருப்பதும் அந்த முகவரிதான். எனவே அஞ்சல் பெட்டியைக் கைப்பற்றியவர் அதனோடு பிணைக்கப்பட்ட மற்றக் கணக்குகளையும் ஒவ்வொன்றாகக் கைப்பற்ற முடியும் என்பதும், அத்தகைய முகவரியை ஆயிரக்கணக்கான விலைப்பட்டியல்களில் அச்சடித்து ஊரூராக அனுப்புவது, அவர் அறிய வேண்டிய முகவரி, கடவுச்சொல் என்ற இரண்டில் ஒன்றை நீங்களே கொடுத்துவிடுவதாகும் என்பதும் கவனத்துக்குரியவை.

வணிகம் முழுவதும் வாட்ஸ்அப்பில் நடக்கும்போது மின்னஞ்சலை யார் பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்கக்கூடும். யாரும் பார்ப்பதில்லை என்பதே இங்கு உண்மையான ஆபத்து. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 169ஆம் பிரிவு, பதிவு செய்யப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்பப்படும் அறிவிப்பை முறையாகச் சேர்ப்பிக்கப்பட்டதாகவே ஏற்கிறது. அதாவது நீங்கள் அதைத் திறந்து படித்தாலும் படிக்காவிட்டாலும் அறிவிப்பு உங்களிடம் ஒப்படைக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். கடன் தருவதாகச் சொல்பவை, லாட்டரிப் பரிசு அறிவிப்பவை, காகிதமும் மூலப்பொருளும் பாதி விலைக்கு விற்பதாக அழைப்பவை என்று நாள்தோறும் வந்து குவியும் வேண்டாத அஞ்சல்களுக்கு நடுவே, பதில் தர வேண்டிய கெடுவுடன் வந்த ஒரு வரித்துறை அறிவிப்பு புதைந்துபோய், உங்கள் தரப்பைக் கேளாமலேயே உத்தரவு பிறப்பிக்கப்படும் நிலையை அடைந்தால், அந்த இழப்பை எந்தத் தீபாவளி விற்பனையாலும் எளிதில் ஈடுசெய்ய இயலாது.

ஸ்பேம் எனப்படும் இந்த வேண்டாத அஞ்சல் புதிய தொல்லையன்று. 1978 மே 3 அன்று அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனை அலுவலர் தம் நிறுவனத்தின் புதிய கணினிகளை விளம்பரப்படுத்தி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பிய செய்தியே இதன் முதல் நிகழ்வாகக் கருதப்படுகிறது. இன்று முகவரிகள் வணிகப் பொருளாகவே கைமாறுகின்றன. அவை திருடப்பட்டும் வெளியாகின்றன. 2020இல் பிக்பாஸ்கெட், 2021இல் ஏர் இந்தியா, 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனம் என்று பெரிய நிறுவனங்களிடமிருந்தே வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தன. அந்த நிறுவனங்களில் ஒன்றுக்கு நீங்கள் தந்த முகவரியும் வங்கிக்குத் தந்த முகவரியும் ஒன்றாக இருந்தால், எங்கோ நடந்த கசிவு உங்கள் கல்லாப்பெட்டி வரை வந்து சேருகிறது.

உங்கள் வட்டாரத்துக்கு இதில் தனிப்பட்ட ஆபத்து ஒன்று இருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அர்ஜுன் கோபால் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்பனைக்கு ஆணைகள் பெறுவதைத் தடை செய்தது. அதன் பின்னர் உங்களில் பலருடைய தளங்கள், நேரடி விற்பனை இல்லை என்ற குறிப்பை முகப்பில் இட்டு, வேண்டிய சரக்கைத் தேர்ந்தெடுத்து விசாரணைப் படிவத்தை அனுப்பினால் கடையிலிருந்து தொடர்புகொள்வார்கள் என்னும் முறைக்கு மாறின. இதனால் பெயர், ஊர், கைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றை வாங்கிச் சேர்ப்பதே விற்பனையின் முதற்படியாகிவிட்டது; உங்கள் முகவரியும் அதே அளவுக்குப் பொதுவெளிக்கு வந்துவிட்டது. தீபாவளி நெருங்கும்போது சிவகாசி என்ற பெயரை ஒட்டிக்கொண்டு போலித் தளங்கள் முளைத்து, பாதிவிலை என்று ஆசை காட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துபோவதைத் தமிழ்நாடு இணையவழிக் குற்றப்பிரிவு 2024இல் பொதுமக்களுக்கு எச்சரிக்கையாகவே வெளியிட்டது. அத்தகைய போலிகள் தமக்கு வேண்டிய கடைப்பெயர், படம், விலைப்பட்டியல், முகவரி ஆகியவற்றை உங்கள் பொதுவெளித் தாள்களிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன.

இதைவிடக் கொடிய இன்னொரு வகையும் உண்டு. வெளிமாநில மொத்த வணிகரோடு நீங்கள் நடத்தும் கடிதப் போக்குவரத்தைத் திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டிருப்பவர், பணம் அனுப்ப வேண்டிய தருணம் வந்ததும் உங்கள் பெயரிலேயே, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்றும் புதிய கணக்குக்கு அனுப்புமாறும் ஒரு கடிதம் அனுப்பிவிடுகிறார். பணம் போன பிறகுதான் இரு தரப்புக்கும் செய்தி தெரியவருகிறது. வணிக மின்னஞ்சல் மோசடி என்று அழைக்கப்படும் இவ்வகைக் குற்றத்தால் 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 290 கோடி டாலர் இழப்பு ஏற்பட்டதாக அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பிடம் புகார்கள் பதிவாகியிருந்தன. லாரிச் சரக்கு கிளம்பியபின் பணம் வந்து சேரும் உங்கள் வணிக முறைக்கு இது மிகவும் நெருக்கமான ஆபத்தாகும்.

ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்து வைக்கும் அறிவை உங்களுக்கு வெளியிலிருந்து யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மருந்து கலக்கும் அறை தனி, மருந்து செலுத்தும் அறை தனி, உலர்த்தும் மேடை தனி, இருப்புக் கிடங்கு தனி என்றும், ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே குறித்த இடைவெளி வேண்டும் என்றும், அறைக்குள் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்றும் வெடிபொருள் விதிகள் வகுத்திருப்பதன் காரணம், ஓரிடத்தில் தீ பிடித்தால் அது அவ்விடத்தோடு நிற்க வேண்டும் என்பதே. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்றும், அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்றும் நடந்த பட்டாசு ஆலை விபத்துகளில் போன உயிர்களுக்கு முன்னால் பணத்தின் இழப்பு ஒரு பொருட்டே அன்று; இரண்டையும் ஒரே தராசில் வைப்பது இம்மடலின் கருத்துமன்று. ஆனால் பிரித்து வைத்தலின் பொருளை இந்த மண்ணைப் போல உணர்ந்த மண் வேறில்லை என்பதால், அதே முறையை உங்கள் முகவரிகளிலும் கடைப்பிடிக்குமாறு கேட்கும் உரிமை எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இதற்குரிய கருவி மாற்று முகவரி ஆகும். அலியாஸ் என்று கணினித் துறையினர் அழைக்கும் இது, தனக்கென்று ஒரு பெட்டி இல்லாமல், தனக்கு வரும் அஞ்சலை உங்கள் உண்மையான பெட்டிக்குத் தள்ளிவிடும் இன்னொரு பெயர். அனுப்புபவருக்கு மாற்று முகவரி மட்டுமே தெரியும், தொல்லை கூடினால் அந்தப் பெயரை மட்டும் மூடிவிடலாம், பெட்டிக்கு எதுவும் ஆகாது. இதில் எளிய வகை, ஜிமெயில் முகவரியில் அட் குறிக்கு முன்னால் பிளஸ் குறியும் ஒரு சொல்லும் சேர்ப்பது. கடையின் பெயருக்குப் பின் பிளஸ் இட்டுக் காகிதம் என்று சேர்த்துக் காகித வியாபாரிக்குக் கொடுத்தால், அவர் வழியாக வரும் அஞ்சல் எல்லாம் அந்த அடையாளத்தோடு வந்து சேரும். பில்டர் எனப்படும் வடிகட்டியை அமைத்து அவற்றைத் தனி அடுக்கில் விழச் செய்யலாம். செலவே இல்லாத இந்த வழி அஞ்சலை வகை பிரிப்பதற்கு நல்லது. மறைப்பதற்கு உதவாது, ஏனென்றால் பிளஸ் குறிக்கு முன்னால் உள்ள உண்மையான முகவரி எல்லாருடைய கண்ணிலும் படுகிறது, அதை வெட்டியெடுப்பது ஸ்பேம் அனுப்புவோருக்கு ஒரு நொடி வேலை. சில தளங்களின் படிவங்கள் பிளஸ் குறியை ஏற்பதுமில்லை.

உண்மையான முகவரியை மறைக்க வேண்டுமானால் இரண்டாம் வகை தேவை. அவுட்லுக் கணக்கில் முற்றிலும் வேறான பெயர்களை மாற்று முகவரிகளாகச் சேர்த்து, அவற்றைக் கொண்டு கணக்குக்குள் நுழைய முடியாதபடி தடுத்து வைக்கவும் வழியுண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி மறைப்பு வசதி, மோசில்லாவின் பயர்பாக்ஸ் ரிலே, 2022இல் புரோட்டான் நிறுவனத்தோடு இணைந்த சிம்பிள்லாகின், டக்டக்கோவின் மின்னஞ்சல் பாதுகாப்பு ஆகியவை இடைத்தரகு போல நின்று, அவை உருவாக்கித் தரும் முகவரிக்கு வருவதை உங்களுக்குத் தள்ளிவிடுகின்றன. தொழில் நடத்துபவர்களுக்கு இவற்றைவிடப் பொருத்தமானது சொந்த டொமைன், அதாவது அட் குறிக்குப் பின்னால் உங்கள் நிறுவனத்தின் பெயரே நிற்கும் முகவரி. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோ உள்ளிட்ட நிறுவனங்கள் இத்தகைய முகவரிகளை நிர்வகித்துத் தருகின்றன. ஒரே பெட்டியின் கீழ்ப் பல மாற்று முகவரிகளை அங்கு வைத்துக்கொள்ளலாம், சேவை தரும் நிறுவனத்தை மாற்றினாலும் முகவரி மாறாது. ஆனால் டொமைனின் ஆண்டுச் சந்தாவைக் கட்ட மறந்து அது காலாவதியாகிவிட்டால், வேறொருவர் அதை வாங்கி உங்கள் அஞ்சல் அனைத்தையும் பெறத் தொடங்கலாம் என்பதால், உரிமம் புதுப்பிக்கும் நாளைப் போலவே அந்த நாளும் உங்கள் சுவர்க் காலண்டரில் குறிக்கப்பட வேண்டும்.

இத்துறையில் ஆர்வம் மிகுந்தோர் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு முகவரி வீதம் நூற்றுக்கணக்கில் வைத்துக்கொள்வதுண்டு. ஒரு கணக்குப்பிள்ளையும் ஒரு கைபேசியும் உள்ள கடைக்கு அது ஏற்றதன்று. எது எங்கே தரப்பட்டது என்ற குழப்பமே அங்கு புதிய ஆபத்தாகிவிடும். வங்கிக்கும் வரிக்கும் உரிமத்துக்கும் எங்கும் அச்சிடப்படாத, எவருக்கும் சொல்லப்படாத தனிப் பெட்டி ஒன்று வேண்டும். இது மாற்று முகவரியாக இல்லாமல் தனிக் கணக்காகவே, கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்போடு இருக்க வேண்டும், ஏனென்றால் அஞ்சலைத் தள்ளிவிடும் இலவசச் சேவை ஒன்று நாளை நின்றுபோனால் வங்கியின் ஓடிபியும் அதோடு நின்றுவிடும். மற்றவற்றுக்கு, சரக்கு வாங்கும் இடங்களுக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று, விலை விசாரிக்கவும் பொருட்காட்சிகளில் பெயர் கொடுக்கவும் ஒன்று என்று மூன்று நான்கு மாற்று முகவரிகள் போதும்.

தீபாவளிக்கென்று தனி முகவரி வைப்பது உங்கள் தொழிலுக்கு மிகவும் பொருந்தும். ஆடிப்பெருக்கன்று பூசை போட்டு விலைப்பட்டியல் வெளியிடும் நாளில் அந்த ஆண்டின் எண்ணைச் சேர்த்து ஒரு புதிய முகவரியைத் திறந்து, பட்டியலில் அதை மட்டுமே அச்சிட்டால், போலித்தளம் எந்த ஆண்டின் பட்டியலிலிருந்து முகவரியை எடுத்தது என்பதுகூடப் பின்னர் தெரியவரும். பழைய பில்லைப் பார்த்து எழுதும் வாடிக்கையாளர் இருப்பார் என்பதால் அதை உடனே மூடிவிடாமல், வரும் குப்பை வரும் வணிகத்தை விஞ்சும் வரை வைத்திருப்பதே அறிவுடைமை. மாற்று முகவரிக்கு வந்த கடிதத்துக்குப் பதில் எழுதும்போது உண்மையான முகவரியிலிருந்து பதில் போய்விட்டால் இவ்வளவு பாடும் வீணாகும். ஆகவே பதில் எந்தப் பெயரில் செல்கிறது என்பதை அமைப்புப் பக்கத்தில் ஒருமுறை சரிசெய்து, வேறொருவருக்கு அனுப்பிச் சோதித்துப் பார்ப்பது கட்டாயம். எந்த முகவரி யாருக்கு, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்பதைப் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வையுங்கள். கடவுச்சொல் அந்தப் பக்கத்தில் இருக்கலாகாது. காகித வியாபாரிக்கு மட்டும் கொடுத்த முகவரிக்குக் கடன் நிறுவனத்தின் விளம்பரம் வந்தால், கசிவு எந்த வழியில் நடந்தது என்று அந்தப் பக்கம் காட்டும். அவர் விற்றுவிட்டார் என்று அதனால் முடிவு கட்டிவிடக் கூடாது. அவருடைய கணினியே களவு போயிருக்கலாம், அதை அவருக்குச் சொல்வதும் நல்ல செயலாகும்.

ஜிஎஸ்டி பதிவில் ஆடிட்டர் அல்லது இடைத்தரகரின் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இருப்பது இவை எல்லாவற்றிலும் மோசமான நிலை. அவர்கள் நாணயமானவர்களாக இருக்கலாம்; பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆயினும் உறவு முறியலாம், அலுவலகம் மாறலாம், எண் கைமாறலாம், அப்போது உங்கள் பதிவுக்குள் நுழைய உங்களாலேயே முடியாமல் போகும். இத்தகைய புகார்கள் நாடெங்கும் பெருகியதால்தான், வணிகர் உரிய ஆவணங்களோடு தம் எல்லைக்குட்பட்ட வரி அலுவலரை அணுகினால், அவர் சரிபார்த்துப் புதிய மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் பதிந்து, புதிய பயனர் பெயர் பெற வழிசெய்யும் நடைமுறை 2018இல் அறிவிக்கப்பட்டது. கடவுச்சொல் உங்கள் கையிலேயே இருந்தால் தளத்துக்குள் நுழைந்து நீங்களே திருத்தம் கோரலாம்.

உங்கள் முகவரியைக் காக்கக் கேட்கும் இம்மடல், உங்களிடம் பிறர் ஒப்படைத்த முகவரிகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒரு விலைப்பட்டியலை இருநூறு வாடிக்கையாளருக்கு ஒரே கடிதமாக அனுப்பி, இருநூறு பேரின் முகவரியும் ஒவ்வொருவருக்கும் தெரியும்படி விடுவது வழக்கமாக இருக்கிறது. அந்த இருநூறில் ஒருவரின் பெட்டி களவு போனால் மற்ற அனைவரும் மோசடிக்காரரின் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். பெறுநர்கள் ஒருவரையொருவர் அறியாதபடி அனுப்பும் பிசிசி என்ற கட்டம் எல்லா மின்னஞ்சல் சேவையிலும் இருக்கிறது; அதைப் பயன்படுத்தப் பழகுங்கள். விசாரணைப் படிவத்தில் வந்த விவரங்களை அடுத்த கடைக்காரருக்கோ மொத்தக் குறுஞ்செய்தி அனுப்புவோருக்கோ தூக்கிக் கொடுப்பது இனி வெறும் முறைகேடன்று. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக ஒப்புதல் பெறப்பட்டதோ அதற்கு மட்டுமே விவரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. அதன் விதிகளும் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. சட்டம் இல்லாவிட்டாலும், பிள்ளைகளுக்கு வெடி வாங்க விலை கேட்டு எழுதிய ஒரு குடும்பத்தின் எண்ணைப் பிறருக்கு விற்பது இந்த வட்டாரத்தின் வணிகப் பெயருக்கு ஒவ்வாது.

வணிகர் சங்கங்களின் நிர்வாகிகளே, அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கி, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கைபேசியிலேயே முகவரிகளைப் பிரித்துக்கொள்ள உதவுங்கள். ஆடிட்டர்களே, பிரவுசிங் சென்டர், இ-சேவை மையம் நடத்துபவர்களே, உங்களிடம் வரும் வணிகரின் படிவத்தில் உங்கள் முகவரியை நிரப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். ஏற்கெனவே நிரப்பியவற்றை உரியவரிடம் ஒப்படையுங்கள். வணிகர்களே, முகவரிகளைப் பிரிக்கும் வேலையை வரும் ஆடிப்பெருக்குக்கு முன் முடித்துவிடுங்கள். பணம் பறிபோய்விட்டால் வெட்கப்பட்டு நாள் கடத்தாமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். அதற்கெல்லாம் முன்பாக, உங்கள் ஜிஎஸ்டி பதிவிலும் வங்கிக் கணக்கிலும் இப்போது இருக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் யாருடையவை என்பதை இந்த வாரத்துக்குள் பாருங்கள். உங்களுடையவை இல்லையென்றால் மாற்றுங்கள்.